பந்து சுலபம், குழிதான் பாடு

தோள் மூட்டு மாற்று அறுவையில் பந்தை வெட்டி எடுப்பது பெரிய வித்தை இல்லை. மேற்கை எலும்பின் தலை கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. கையைச் சற்றே பின்னுக்கு இறக்கி வெளிப்பக்கம் திருப்பினால், கீறலுக்கு வெளியே எழுந்து வந்து நிற்கும். ரம்பத்தை வைத்தால் கொஞ்ச நேரத்தில் தட்டில் விழுந்துவிடும். அதற்குப் பிறகுதான் தியேட்டரில் பேச்சு குறைகிறது. உதவியாளர்கள் ரிட்ராக்டர்களை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். விளக்கைத் தாழ்த்தச் சொல்லி ஒரு குரல் வருகிறது. தசை இன்னும் தளர வேண்டுமா என்று மயக்க மருத்துவர் கேட்கிறார். இத்தனையும் எதற்கென்றால், தோள்பட்டை எலும்பின் ஓரத்தில், மேலே குறுகிக் கீழே அகன்று கிடக்கும் ஆழமில்லாத ஒரு குழியை முழுசாகக் கண்ணால் பார்ப்பதற்கு. அதன் உயரம் சுமார் 3.5 செ.மீ., அகலம் சுமார் 2.5 செ.மீ. அவ்வளவுதான் இடம்.

கோவையில் நெடுங்காலமாகத் தோள் அறுவை செய்துவரும் மருத்துவர் ஒருவரிடம் பயிற்சிக்கு வரும் இளம் ஆர்த்தோ டாக்டர்கள், முதல் நாளே “ஸ்டெம் எந்தக் கம்பெனி சார்?” என்று, மேற்கை எலும்புக்குள் இறங்கும் தண்டைப் பற்றிக் கேட்பார்கள். “அது இருக்கட்டும், குழி எப்படி இருக்குன்னு சி.டி.யப் பாத்துட்டு வாங்க” என்பார் அவர். தோள் இம்ப்ளான்ட்டின் நூற்றுச் சொச்சம் ஆண்டு வரலாற்றையும் அவர் இந்த ஒரு கண்ணாலேயே பார்க்கிறார். பந்தை யார் வேண்டுமானாலும் செய்துவிட்டார்கள். மோசம் போனதெல்லாம் குழிப்பக்கம்தான்.

இடுப்பில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. தோளின் கதையோ, பள்ளி விளையாட்டு விழாவில் வாயில் கவ்விய கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்தக் கதை. பழம் நிற்பது கரண்டியின் ஆழத்தால் அல்ல, ஓடுகிற பிள்ளையின் நிதானத்தால். தோளில் அந்த நிதானத்தைத் தருவது ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள். மேலே போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசை கையைத் தூக்கும்போது பந்தையும் சேர்த்து மேலே இழுக்கப் பார்க்கும். கஃப் தசைகள் அதைக் குழியோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இந்த இழுபறி சரியாக இருக்கிறவரை எண்பது வயதிலும் பரணிலிருந்து அண்டாவை இறக்கலாம்.

முதல் செயற்கைத் தோள் 1893-இல் பாரிஸில் பொருத்தப்பட்டது. ஜூல்ஸ் எமில் பேயான் என்ற அறுவை மருத்துவரிடம் வந்தவர் 37 வயது ரொட்டிக் கடைத் தொழிலாளி. காசநோய் தோளைத் தின்றிருந்தது. கையை எடுத்துவிடலாம் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. போர்ட்டர் மைக்கேல்ஸ் என்ற பல் மருத்துவர், பிளாட்டினக் குழாயும் பாரஃபினில் காய்ச்சிக் கடினமாக்கிய ரப்பர் பந்தும் வைத்து ஒரு மூட்டைச் செய்து தந்தார். கை கொஞ்ச காலம் வேலை செய்தது. காசநோய்க்கு மருந்தில்லாத காலம். சீழ் நிற்கவில்லை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மூட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. அது இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது.

அடுத்த பெரிய அடியை எடுத்துவைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நியூயார்க்கின் கொலம்பியா பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் சார்லஸ் நீர், மேற்கை எலும்பின் தலை சிதறி இடம் பெயர்ந்து வரும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த தலையை எடுத்துவிட்டு வெறுமனே விடுவது அன்றைய வழக்கம். கை தொங்கும், வலியும் போகாது. 1950-களின் தொடக்கத்தில் அவர் வைட்டாலியம் என்ற கோபால்ட்–குரோமியக் கலவையில் ஒரு தலையை வார்த்துப் பொருத்தினார். அந்த உலோகமும் பல் மருத்துவத்திலிருந்து வந்ததுதான். தோள்காரர்கள் பல்காரர்களுக்குப் பட்ட கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை.

நீரின் முதல் மூட்டில் குழிக்கு ஒன்றும் கிடையாது. பந்தை மட்டும் மாற்றி, எதிர்ப்பக்கத்தை இயற்கையிடமே விட்டுவிட்டார். எலும்பு முறிவுக்கு அது போதும். தேய்மான வாதத்தில் இரண்டு பக்கமும் அல்லவா தேய்ந்திருக்கிறது? ஆகவே 1970-களின் தொடக்கத்தில் குழிக்குள் சிமெண்ட் வைத்து ஒட்டும் பாலித்தீன் வில்லை வந்தது. 1974-இல் நீர் வெளியிட்ட முடிவுகள் உலகெங்கும் தோள் மாற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டன. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

கஃப் தசை பலவீனமானால் பந்து மேலேறி வில்லையின் மேல் விளிம்பில் ஏறி அழுத்தும். அப்போது கீழ் விளிம்பு சிமெண்ட்டை விட்டுத் தூக்கும். கை இறங்கும்போது மறுபடி அமரும். இப்படி ஆடி ஆடியே வில்லை கழன்றுவிடும். இதை 1988-இல் அமெரிக்காவின் சியாட்டில் குழு எழுதிக்காட்டியது. உலோகத் தட்டு வைத்து அதன்மேல் பாலித்தீனைப் பொருத்திப் பார்த்தார்கள். அது இன்னும் மோசம்: உலோகத்துக்கு இடம் விட்டதில் பாலித்தீன் மெலிந்தது, சீக்கிரம் தேய்ந்தது. ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு, இவ்வகைக் குழிகள் மறு அறுவைக்கு அதிகம் வருவதை ஆண்டுதோறும் காட்டிவந்திருக்கிறது.

கோவை மருத்துவருக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. லியோன் நகரத்தின் ழீல் வால்ஷ் குழு 2002-இல் வெளியிட்டது. பந்தின் வளைவும் குழியின் வளைவும் அச்சாகப் பொருந்தினால் நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பொருந்தக் கூடாது என்றது அந்த ஆய்வு. குழியின் ஆரம் பந்தினுடையதைவிட 6 முதல் 10 மி.மீ. பெரிதாக இருந்த தோள்களில்தான், எக்ஸ்ரேயில் சிமெண்ட்டைச் சுற்றித் தெரியும், தளர்வைக் காட்டும் கருங்கோடுகள் குறைவாக இருந்தன. இயற்கையான தோளில் பந்து சுழல்வதோடு கொஞ்சம் சறுக்கவும் செய்கிறது. அதற்கு இடம் கொடுக்காவிட்டால் சறுக்க வேண்டிய விசை வில்லையின் விளிம்பைப் போய் நெம்பும். “கொஞ்சம் லூசா இருக்கட்டும்” என்று அவர் தியேட்டரில் சொல்லும்போது புது நர்ஸுகள் சிரிப்பார்கள்.

வால்ஷும் அவரோடு வேலை செய்த பாஸ்கல் புவாலோவும் 65 மேற்கை எலும்புகளை அளந்து 1997-இல் வெளியிட்ட கணக்கும் அப்படித்தான், தொழிலைக் குலுக்கியது. எலும்பின் தலை பின்னோக்கித் திரும்பியிருக்கும் கோணம் சராசரி 18 டிகிரி. ஆனால் ஓர் எலும்பில் 47 டிகிரி இருந்தது, இன்னொன்று முன்பக்கமாகவே திரும்பியிருந்தது. சராசரிக்குச் செய்த இம்ப்ளான்ட் யாருக்குப் பொருந்தும்? தலையை ஸ்டெம்மிலிருந்து பிரித்து, சாய்வையும் தள்ளலையும் மேசையிலேயே மாற்றிக்கொள்ளும் மூன்றாம் தலைமுறை மூட்டுகள் இந்தச் சிந்தனையிலிருந்துதான் வந்தன. வெட்டும்போதும் கோவை மருத்துவர் கருவி காட்டும் கோணத்தை அப்படியே நம்புவதில்லை. ஓரத்து எலும்பு முள்ளையெல்லாம் கடித்து எடுத்துவிட்டு, குருத்தெலும்பு முடியும் கோட்டைத் தேடிப்பிடித்து அதன்மேல் ரம்பத்தை வைப்பார்.

இதெல்லாம் கஃப் தசை உயிரோடு இருப்பவர்களுக்கு. அது கிழிந்து சுருங்கிப் போனவர்களுக்கு என்ன செய்வது?

எக்ஸ்ரேயில் பார்த்ததும் தெரிந்துவிடும்: பந்து மேலேறி, தோளின் கூரை எலும்பில் முட்டிக்கொண்டு நிற்கும். நீர் 1983-இல் இதற்கென்றே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். சிகிச்சையில்தான் கைவிரிப்பு. பந்தை மட்டும் மாற்றினால் வலி குறையும், கை எழாது. கஃப் இல்லாத தோளுக்காக அவரே 1970-களின் தொடக்கத்தில் மார்க் 1, 2, 3 என்று மூன்று மூட்டுகளை வடிவமைத்தார். பந்தைத் தோள்பட்டைப் பக்கமும் கிண்ணத்தைக் கைப்பக்கமும் வைத்துத் திருப்பிப்போட்ட ‘ரிவர்ஸ்’ மூட்டுகள் அவை. மூன்றையும் கைவிட்டார். அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறு சிலர் செய்தவையும் நிலைக்கவில்லை. காரணம் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே. சிறிய பந்து, அதுவும் எலும்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்தின் நுனியில். கையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கழுத்து நெம்புகோலாகி, குழிக்குள் இறங்கிய திருகுகளைப் பிடுங்கியது.

பிரான்சில் டிஜோன் நகரத்து போல் கிராமோன் செய்தது, அந்தக் கழுத்தையே எடுத்துவிட்டது. பந்து பெரிதாக இருக்க வேண்டும், சுழலும் மையம் எலும்பின் முகத்திலேயே அமர வேண்டும் என்றார் அவர். மையம் உள்ளே தள்ளிப் போனால் நெம்பும் விசை அழுத்தும் விசையாக மாறும். தட்டு பிடுங்கப்படாமல் எலும்போடு நெருக்கப்படும். கையும் சற்றுக் கீழே இறங்கும், டெல்டாய்டு விறைப்பாகும், மையம் உள்ளே போனதால் அதே தசையின் முன்னிழைகளும் பின்னிழைகளும் கூடத் தூக்குகிற வேலைக்கு வந்து சேரும். கஃப் செய்த வேலையை டெல்டாய்டே பார்த்துக்கொள்ளட்டும் என்று மூட்டையே திருத்தி எழுதிவிட்டார். இயற்கையைப் போலவே செய்ய வேண்டும் என்று எல்லோரும் முட்டி மோதிக்கொண்டிருந்த தொழிலில், இயற்கையை விட்டு விலகிப்போய் ஜெயித்தவர் அவர்.

முதல் மூட்டு 1985-இல். 42 மி.மீ. விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு கோளம், அதைக் குழிமேல் கவிழ்த்துச் சிமெண்ட் வைத்து ஒட்டுவது. 1987-இல் 8 நோயாளிகளின் முடிவைப் பிரெஞ்சில் வெளியிட்டார். மூவருக்குக் கை 100 முதல் 130 டிகிரி வரை எழுந்தது. வேறு மூவருக்கு 60-ஐக்கூடத் தொடவில்லை. இன்று ஒருவர் இப்படி முடிவை எடுத்துக்கொண்டு மாநாட்டு மேடை ஏறினால் கேள்வி கேட்டே இறக்கிவிடுவார்கள். கிராமோன் விடவில்லை. சிமெண்ட்டை எடுத்துவிட்டு, நடுவில் முளையும் சுற்றிலும் விரிந்து செல்லும் திருகுகளும் உள்ள வட்டத் தட்டைக் கொண்டுவந்தார், கோளத்தைப் பாதியாக்கினார். 1991-இல் வந்த அந்த டெல்டா III தான் இன்றைய எல்லா ரிவர்ஸ் மூட்டுகளுக்கும் மூதாதை. அமெரிக்க அரசு அனுமதி கொடுக்க 2003-இன் கடைசி வரை ஆனது. இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இயல்பு வடிவ மூட்டைவிட ரிவர்ஸ்தான் அதிகம் பொருத்தப்படுகிறது.

டெல்டா III-இன் தட்டு 29 மி.மீ. நம் ஊர் மெலிந்த பாட்டிமார்களின் குழி அகலம் பல சமயம் அதைவிடக் குறைவு. தட்டு வெளியே துருத்தும், இல்லாவிட்டால் திருகு எலும்பைக் கிழிக்கும். 25 மி.மீ. அளவில் தட்டுகள் வந்த பிறகுதான் கோவை மருத்துவருக்கு மூச்சு வந்தது.

அறுவையின் பாதை இரண்டு மூட்டுக்கும் பெரும்பாலும் ஒன்றேதான். நோயாளியைச் சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல நிமிர்த்திப் படுக்கவைத்து, காறை எலும்புக்குக் கீழே கோரகாய்டு முனையிலிருந்து கையின் முன்புறமாக இறங்கும் கீறல். டெல்டாய்டுக்கும் மார்புத் தசைக்கும் நடுவே ஓடும் செஃபாலிக் சிரையைக் காப்பாற்றி ஒதுக்கிவிட்டு உள்ளே போனால் முன்பக்கக் கஃப் தசை, சப்ஸ்கேப்புலாரிஸ். அதன் கீழ் விளிம்பில் ஒரு தமனியும் இரண்டு சிரைகளும் சேர்ந்தே ஓடும். தொழில் பேச்சில் ‘மூன்று சகோதரிகள்’. அவர்களைக் கட்டாமல் போனால் அப்புறம் காட்சியெல்லாம் ரத்தம்தான். அதற்கும் கீழே அக்குள் நரம்பு. ஒவ்வோர் அறுவையிலும் விரலை உள்ளே விட்டு அந்த நரம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவார் கோவைக்காரர். டெல்டாய்டுக்கு உயிர் கொடுப்பது அதுதான். அது அறுந்தால் ரிவர்ஸ் வெறும் உலோகம்.

குழி கண்ணுக்குத் தெரிந்ததும் சுற்றியுள்ள சவ்வை அறுத்தெடுத்து, பைசெப்ஸ் நாண் ஒட்டியிருந்த இடத்தை மேல் முனை என்று குறித்துக்கொண்டு, கைடு பின்னை இறக்க வேண்டும். அறுவையின் தலையெழுத்து இந்தக் கம்பியில் இருக்கிறது. பின் எங்கே போகிறதோ அங்கேதான் எலும்பைக் குடையும் ரீமர் போகும், தட்டு போகும், கோளம் போகும். தேய்ந்த குழி பெரும்பாலும் பின்பக்கம் சாய்ந்திருக்கும். வால்ஷ் வகைப்பாட்டில் பி2 என்று சொன்னால் எந்தத் தோள் மருத்துவரும் முகம் சுளிப்பார்: குழியின் பாதி பழைய முகம், பாதி தேய்ந்து உண்டான புது முகம். கண் எப்போதும் புது முகத்தையே நம்பும். அதனால்தான் இப்போது சி.டி.யை வைத்துக் கணினியில் முப்பரிமாணத் திட்டம் போடுகிறார்கள். நோயாளியின் எலும்பு வடிவிலேயே அச்சிட்ட வழிகாட்டிகளும் வந்துவிட்டன. கோவை மருத்துவரும் திட்டம் போடுகிறார், ஆனால் சாய்வை முழுக்க நேராக்க ரீமரை ஆழமாக இறக்குவதில்லை. இருக்கிற எலும்பே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம். கடினமான மேல்தளத்தைச் சுரண்டிவிட்டால் தட்டு உட்கார இடமேது?

தட்டை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு பாடம் உண்டு. டெல்டா பொருத்திய தோள்களில், கை தொங்கும்போது கிண்ணத்தின் உள் விளிம்பு தோள்பட்டை எலும்பின் கழுத்தில் இடித்து அங்கே ஒரு பள்ளத்தைப் பறித்தது. நான்சி நகரத்தின் சிர்வோ 2004-இல் அதைத் தரம் பிரித்தார். கோளத்தைக் கீழே இறக்கி வைத்தால் இடி குறையும் என்று அடுத்த ஆண்டே சூரிச்சிலிருந்து ஆய்வு வந்தது. ஃபுளோரிடாவின் மார்க் ஃபிராங்கிள் கோளத்தையே வெளிப்பக்கம் நகர்த்தி, கிராமோனின் 155 டிகிரிச் சாய்வுக்குப் பதில் 135 டிகிரியில் ஸ்டெம் வைத்தார். நீஸ் நகரத்துக்குப் போன புவாலோ செய்தது இவற்றில் அழகானது: வெட்டி எறியும் பந்திலிருந்து ஒரு எலும்பு வில்லையை அறுத்தெடுத்து, அதைத் தட்டுக்கு அடியில் கொடுத்தார். எலும்பு ஒட்டிய பிறகு மையம் எலும்பின் முகத்திலேயே இருக்கும். கையும் வெளியே தள்ளி நிற்கும். நோயாளியின் சொந்தச் சரக்கு, கூடுதல் பில் கிடையாது.

எல்லாம் பொருத்திய பிறகு மூட்டை உள்ளே தள்ளினால் கனமாக ஒரு சத்தம் கேட்கும். டெல்டாய்டின் விறைப்பு சரியா என்று கையால் அழுத்திப் பார்ப்பதுதான் அளவு. தளர்ந்திருந்தால் கழன்று வரும். அதிகம் விறைத்தால் நரம்பு இழுபடும், கொஞ்ச மாதங்களில் தோளின் கூரை எலும்பு விண்டுபோகும். இந்த விறைப்பை அளக்க மீட்டர் ஒன்று வரும் வரும் என்கிறார்கள். அதுவரை கைதான் மீட்டர்.

நோயாளிகள் கோணம் கேட்பதில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் கேட்டார்: “ஏனுங்க சாமி, கொண்டை போட முடியுமுங்களா?”

“போடலாமுங்க ஆத்தா. கை தலைக்கு மேல வந்துரும். முதுகுப் பக்கம் போறதுதான் சிரமமுங்க.”

ரிவர்ஸ் மூட்டின் நிஜமான விலை இதுதான். கை மேலே எழும். பின்னால் போவது குறையும். முதுகில் கொக்கி வைத்த ரவிக்கை, வேட்டிச் சொருகல், பின்பாக்கெட் பர்ஸ் எல்லாம் மாறவேண்டியிருக்கும். பிரெஞ்சுக் கட்டுரைகளில் பெரிதாக வராத ஒன்றைக் கோவை மருத்துவர் முதல் சந்திப்பிலேயே வெட்கமில்லாமல் கேட்டுவிடுவார்: கால் கழுவுவது எந்தக் கையால்? இடது தோளில் ரிவர்ஸ் என்றால் இந்தப் பேச்சை மயக்க மருந்துக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு தோளும் போனவர்களுக்கு இரண்டையும் ஒருசேரச் செய்யாமல், ஒன்றை முடித்து, அந்தக் கை பின்னால் எதுவரை போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் பேசுவார். இன்னொரு விதி, தரையில் உட்கார்ந்து கையைப் பின்னால் ஊன்றி எழக் கூடாது. கை பின்னே நீண்டு, உட்பக்கம் திரும்பி, பாரமும் ஏறுகிற அந்த நிலையில்தான் ரிவர்ஸ் கழலும். கட்டில், நாற்காலி, இந்தியப் பாணிக் கழிவறை எல்லாவற்றையும் வீட்டார் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வார்.

தோளுக்கென்றே ஒரு கிருமியும் இருக்கிறது. க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ், முகப்பருவில் இருக்கும் அதே கிருமி. தோள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் ஆழமாகக் குடியிருப்பதால் மேலே பூசும் மருந்து அதை எட்டுவதில்லை. காய்ச்சல் வராது, சீழ் வராது. மாதக்கணக்கில் வலி மட்டும் இருக்கும். ஆய்வகத்தில் வழக்கம்போல நாலைந்து நாளில் தட்டைத் தூக்கிப்போட்டால் ‘கிருமி இல்லை’ என்று ரிப்போர்ட் வரும். 14 நாள் வைத்திருந்தால்தான் எட்டிப் பார்க்கும். அதனால் அறுவைக்கு முந்தைய சில நாட்களுக்குப் பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லைத் தோளில் தடவச் சொல்கிறார். எழுபது வயதுக்காரரின் சீட்டில் பரு மருந்தைப் பார்த்து மெடிக்கல் ஷாப்காரர் போன் பண்ணிக் கேட்டதுண்டு.

மறு அறுவைதான் இந்தத் தொழிலின் கடினமான அறை. இயல்பு வடிவ மூட்டு வைத்தவருக்குப் பத்து வருடம் கழித்துக் கஃப் கிழிந்தால் ரிவர்ஸுக்கு மாற்ற வேண்டும். எலும்புக்குள் ஒட்டிய ஸ்டெம்மை எடுக்கப் போனால் எலும்பே பிளக்கும். ஆகவே ஸ்டெம்மை விட்டுவிட்டு மேல்பாகத்தை மட்டும் மாற்றும் வசதியோடு இப்போது மூட்டுகள் வருகின்றன. ஆனால் அந்த மேல்பாகம் அதே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். திருகைக் கழற்றும் டிரைவரின் முனைகூடக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இம்ப்ளான்ட் பெட்டிகள் முந்தைய நாள் மாலை கம்பெனி ஆளோடு வந்து, இரவு ஆட்டோகிளேவில் ஏறி, அறுவை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடும் ஊரில், தவறான பெட்டி வந்தால் அன்றைய அறுவை இல்லை.

ஒவ்வொரு பாகத்தின் உறையிலும் கம்பெனி, அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி, “ரேசன் கார்டு வெக்கற எடத்துல வெய்யுங்க” என்பார் அவர். வேறெங்கோ அறுவை செய்துகொண்டு அவரிடம் வருகிறவர்கள் அதைக் கொண்டுவருவது அபூர்வம். எந்த மூட்டு என்று கேட்டால், “ஏதோ ஜெர்மனின்னு சொன்னாங்க” என்பார் மகன். அப்புறம் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி, ஸ்டெம்மின் தோள் வளைவையும் திருகுகள் விரியும் கோணத்தையும் போட்டோ எடுத்து, நாலு கம்பெனி ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, யார் முதலில் “இது எங்களோடதுங்க சார்” என்று சொல்கிறார்கள் என்று காத்திருப்பார்.